வயிற்று வலி என்றால் எந்த வயிறு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லில் 22 வருடமாகச் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். காலையில் இட்லி, பொங்கல், மதியம் அளவுச் சாப்பாடு, ராத்திரி கிடையாது. உங்கள் பேப்பர் கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று வாங்குகிறோம். கடைப் பேப்பரில் பதினோரு மணிக்குள் சாம்பார் பட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

போன ஞாயிறு இணைப்பில், குடலைச் சுத்தம் செய்தால் மாதவிலக்கு வலி ஓடிவிடும் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். பூண்டுப் பால், பேதிக்கு எடுப்பது, புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) பவுடர் என்று அதற்கு வழியும் சொல்லியிருந்தீர்கள். மறுநாள் மதியம் எங்களிடம் மாதக் கணக்கில் சாப்பிடும் ஒரு கல்லூரிப் பெண் கை கழுவிக்கொண்டே, "அக்கா, பூண்டுப் பால் எப்படிக் காய்ச்சணும்?" என்று கேட்டாள். எதற்கு என்றேன். பேப்பரைக் காட்டினாள். கல்லாவில் நின்றுகொண்டு அவளிடம் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். கடிதம் நீளம்தான். வெட்டுவதாக இருந்தால் வெங்காயக் கதையை வெட்டுங்கள், காலண்டர் கதையை விட்டுவிடுங்கள்.

என் மகளுக்கு இப்போது 26 வயது. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதும்மா, பேர் மட்டும் போடாதே" என்றாள்.

பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்தது. "வயிறு வலிக்குதும்மா." இந்த ஒரு வாக்கியத்தில்தான் நாங்கள் ஒன்பது வருடம் மாட்டிக்கொண்டோம். நம் பேச்சில் எல்லாமே வயிறுதானே? பசித்தாலும் வயிறு, பொறாமைப்பட்டாலும் வயிறு. புதுசாகக் கல்யாணமான பெண்ணிடம் வயிற்றில் புழு பூச்சி உண்டா என்று கேட்போம்; பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுப்பதும் அதே வயிற்றுக்குத்தான். மாதவிலக்கு வலியை ஸ்கூல் மிஸ்ஸிடம் சொன்னாலும், அப்பாவிடம் சொன்னாலும், ஆபீஸில் லீவு கேட்டாலும் வயிற்று வலி. அதே பழக்கத்தில் டாக்டரிடமும் வயிற்று வலி என்றே சொன்னோம். அவர் வயிற்றுக்கு வைத்தியம் பார்த்தார். அவர் மேல் நான் குறை சொல்ல மாட்டேன். முதல் தப்பு எங்கள் வாயில்.

கேஸ் மாத்திரை, அப்புறம் பூச்சி மாத்திரை. பிளஸ் டூ முடிந்ததும் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். லேசான புண் என்றார்கள். வலி வந்தால் வெறும் வயிற்றிலேயே வலி மாத்திரையை விழுங்குகிறவளுக்குப் புண் வராமல் என்ன செய்யும்? காலேஜில் மூன்றாவது வருடம் பின்வழியாகவும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடல் சுத்தமாக இருக்கிறது, இது ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்ற குடல் கோளாறு, குடல் கொஞ்சம் டென்ஷனான குடல், யோகா செய்யச் சொல்லுங்கள் என்றார்கள். வயிற்றுக்கு மேல் வைத்துப் பார்த்த ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. உறவில் ஒரு பெரியம்மா, "கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை பெத்தா எல்லாம் சரியாகிடும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் நடுவில் என் கை வைத்தியம் வேறு. நான் சமையல்காரி, சும்மா இருப்பேனா? வாயு என்றால் பூண்டு. பாலில் பத்துப் பல் பூண்டைப் போட்டு வேகவைத்து, மசித்து, பனங்கற்கண்டு போட்டு ராத்திரி கொடுப்பேன். மலச்சிக்கல் என்றால் சிறுமலை வாழைப்பழம், தோல் கறுக்கும் அளவு பழுத்ததாக இரண்டு. குளிர்ச்சிக்குச் சின்ன வெங்காயம் பச்சையாக, பழைய சோற்றோடு. அவளும் சொன்னதையெல்லாம் சாப்பிட்டாள். சாயங்காலம் ஆனால் வயிறு பானை மாதிரி நிற்கும்.

ஒருநாள் ஜாக்கெட் தைக்க வைத்திருக்கும் இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தேன். காலையில் எழுந்ததும் இடுப்பு 28. சாயங்காலம் ஆறு மணிக்கு 32. அவளுடைய சுடிதார் பேண்டுகளில் எல்லாம் எலாஸ்டிக்கை எடுத்துவிட்டு நாடா கோத்துக் கொடுத்தேன். தெருவில் ஒருத்தி, பேர் வேண்டாம், என்னிடம் குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்கு நாள் எதுவும் தள்ளிப்போச்சா?" என்று கேட்டாள். அன்றைக்கு மெஸ்ஸில் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

இனி காலண்டர். எங்கள் அடுப்படிச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு வட்டம், வீட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு வந்தால் மூலையில் ஒரு புள்ளி. 2023 ஆடி மாதம் மகள் ஆபீஸுக்கு லீவு போட்ட நாட்களை எண்ண வேண்டியிருந்தது, சம்பளத்தில் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு லீவையும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஐந்து மாதத்தில் பதினான்கு லீவு. பதினோரு கோடு புள்ளியை ஒட்டி விழுந்தது. புள்ளிக்கு இரண்டு நாள் முன்னால் வயிறு உப்பும், புள்ளியன்று பேதி, மூன்றாம் நாள் மலச்சிக்கல். பால்காரர் கணக்கைச் சரிபார்க்கிற எனக்கு இது ஏன் ஒன்பது வருடம் கண்ணில் படவில்லை?

அந்தக் காலண்டரைச் சுருட்டிக்கொண்டுதான் மதுரைக்குப் பஸ் ஏறினோம். பெண் டாக்டர் அதை மேஜையில் விரித்துப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "அந்த நாட்கள்ல மோஷன் போறப்ப உள்ளே கத்தி வச்ச மாதிரி வலிக்குமாம்மா?" மகள் என்னைப் பார்த்தாள். அப்புறம் ஆமாம் என்றாள். அதுவரை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை. பெற்ற பெண்ணிடம் இதை எப்படிக் கேட்பது என்று நினைத்திருப்பேன் போல.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடது சினைப்பையில் நான்கு சென்டிமீட்டரில் ஒரு சாக்லேட் கட்டி. கருப்பையின் பின்பக்கம் மலக்குடலோடு ஒட்டியிருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ். உள்ளே தேங்கிய பழைய ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருப்பதால் கட்டிக்கு அந்தப் பெயராம்.

டாக்டர் ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். கருப்பைக்குள் மாதா மாதம் வளர்ந்து உதிரும் படலத்தைப் போன்ற சதை, கருப்பைக்கு வெளியே சினைப்பையில், குடலின் மேல், சிறுநீர்ப்பையின் மேல் வளர்கிறது. மாதவிலக்கு நேரத்தில் அதுவும் புண்ணாகி வீங்குகிறது. நாளாக ஆக, பக்கத்தில் இருப்பதையெல்லாம் சேர்த்து ஒட்டிவிடுகிறது. குடலில் வந்தாலும் வெளிச் சுவரிலிருந்துதான் உள்ளே இறங்கும் என்பதால், குழாய் விட்டு உள்பக்கத்தைப் பார்த்தால் பெரும்பாலும் சுத்தமாகவே தெரியும். குக்கருக்கு வெளியே கரி பிடித்திருந்தால் உள்ளே பார்த்தால் எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன், டாக்டர் சிரித்துவிட்டார். அதுபோக, மாதவிலக்கு நேரத்தில் கருப்பையைச் சுருங்கவைக்கச் சுரக்கும் புராஸ்டாகிளான்டின் என்ற ரசாயனம் பக்கத்துக் குடலையும் சேர்த்து முறுக்குகிறது. முதல் நாள் பேதி அதனால்தான் வருகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதால் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது என்றும் சொன்னார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது, சுமார் 19 கோடிப் பேர். எங்கள் மெஸ்ஸில் மதியம் வந்து சாப்பிடும் கல்லூரிப் பெண்கள் முப்பது பேர். நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

டைனோஜெஸ்ட் என்ற மாத்திரை, 2 மில்லிகிராம், தினம் ஒன்று. முதல் மூன்று மாதம் விட்டு விட்டு ரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது. பயந்துபோய்ப் போன் செய்தோம், எதிர்பார்த்ததுதான் என்றார்கள். அப்புறம் மாதவிலக்கே நின்றது, வலியும் முக்கால்வாசி அடங்கியது. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், கட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம் என்று வைத்திருக்கிறார்கள். கல்யாணம் நடந்து பிள்ளை பெற்றால் தீரும் நோயா என்று பெரியம்மா சார்பில் நான்தான் கேட்டேன். அது மருந்து இல்லை என்றார் டாக்டர்.

வலி அடங்கியும் வயிறு உப்புவது நிற்கவில்லை. இரண்டு கோளாறும் ஒரே ஆளுக்கு இருக்கலாமாம், ஐ.பி.எஸ். என்று முன்னால் சொன்னவரும் முழுக்கத் தவறில்லை. இங்கேதான் உங்கள் கட்டுரையில் இருக்கும் உண்மைப் பாதி, அதாவது குடலுக்கும் இதில் பங்கு உண்டு என்பது, வருகிறது. டாக்டர் ஒரு உணவியல் நிபுணரிடம் அனுப்பினார். அந்தப் பெண் மகளுடைய சாப்பாட்டைக் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, பூண்டுப் பாலுக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார். "தினமுமா?" என்றார். தினமும் என்றேன், பெருமையாக.

சிலவகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்விடும். போகிற வழியில் அது தண்ணீரையும் இழுக்கும், பெருங்குடலில் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். எல்லோருக்கும் இது நடக்கிறதுதான். கூச்சம் அதிகமான குடலுக்கு அதுவே வலி. பூண்டு, வெங்காயம், கோதுமை, கொண்டைக்கடலை, பால், மாம்பழம், தர்பூசணி, காலிஃபிளவர் எல்லாம் அந்தப் பட்டியலில் வந்தன. வாழைப்பழம்கூட நன்றாகக் கனிந்தால் சேர்ந்துவிடுகிறது. ஆக, வாயுவுக்கு மருந்து என்று நான் தினம் காய்ச்சிக் கொடுத்தது பட்டியலின் முதல் வரி. பாலோடு சேர்த்து வேறு.

ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் இருக்கும் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய முறை இது. லோ ஃபாட்மேப் என்பார்கள், அந்தச் சர்க்கரைகள் குறைவான சாப்பாடு என்று அர்த்தம். 2025-இல் அவர்களே எண்டோமெட்ரியோசிஸ் இருக்கும் 35 பெண்களுக்கு 28 நாள் இந்தச் சாப்பாடும், 28 நாள் வேறு சாப்பாடும் சமைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குடல் தொந்தரவு குறைந்தது இதில் 60 சதவீதம் பேருக்கு, மற்றதில் 26 சதவீதம் பேருக்கு. மகள் போனில் வாசித்துச் சொன்னாள். சின்ன ஆராய்ச்சிதான், ஆனால் சமைத்தே கொடுத்திருக்கிறார்கள் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை. அவர்களும் குடல் தொந்தரவு குறைந்தது என்றுதான் சொல்கிறார்கள். கட்டி கரைந்தது என்று யாரும் சொல்லவில்லை.

சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் சமைப்பது எனக்குக் கை ஒடிந்த மாதிரி. திண்டுக்கல்காரியிடம் போய் இதைச் சொல்லலாமா? முதல் வாரம் நான் வைத்த குழம்பை மகள் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள். என்னால் சாப்பிட முடியவில்லை. அப்புறம் அந்த நிபுணர் ஒரு வழி சொன்னார். அந்தச் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் நல்லெண்ணெயைக் காயவைத்து, தட்டிய பூண்டு நாலைந்து பல் போட்டு, ஓரம் சிவந்ததும் ஒன்றுவிடாமல் அரித்து எடுத்துவிட வேண்டும். வாசனை எண்ணெயில் இறங்கியிருக்கும். அதற்கு அப்புறம்தான் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, புளித்தண்ணீர். பூண்டு கிடக்கும்போதே புளியை ஊற்றினால் போச்சு, எல்லாம் குழம்பில் இறங்கிவிடும். அந்த எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி வெளியே வைக்கவும் கூடாது, கெட்டுப்போய் விஷமாகலாம். அன்றன்றைக்குச் செய்துகொள்ள வேண்டும். அரித்து எடுத்த பூண்டு என் வீட்டுக்காரருக்கு. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி மட்டும், வெள்ளை கூடாது. இதற்காக அவர் மார்க்கெட்டில் அலைந்து வாங்கி வருவார். பருப்பை ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தேன். டப்பாப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், பின்பக்கம் படித்துப் பாருங்கள். ஒரு சிட்டிகையில் ஒன்றும் ஆகாது என்றார்கள், ஆகவும் இல்லை.

நான்கு வாரம் இப்படி. மூன்றாவது வாரக் கடைசியில் இஞ்ச் டேப்பில் சாயங்கால அளவு 29.

அதோடு நிறுத்திவிடக் கூடாது என்பதை அந்த நிபுணர் இரண்டு தடவை சொன்னார். எதை நிறுத்தினோமோ அதை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பூண்டிலும் பருப்பிலும் இருக்கும் அதே சர்க்கரைதான் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் தீனி. வருடக்கணக்கில் நிறுத்தினால் அவை பட்டினி கிடக்கும். ஒரு பொருளை மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து, குறித்துவைத்து, இடைவெளி விட்டு அடுத்தது. மாதவிலக்கு வருகிறவர்கள் அந்த நாட்களில் சோதிக்க வேண்டாம். உப்பியது எதனால் என்று தெரியாமல் போகும். என் மகளுக்குத் தயிர், மோர், துவரம்பருப்புச் சாம்பார், இட்லி எல்லாம் ஒத்துக்கொண்டன. சப்பாத்தி ஒன்று பரவாயில்லை, மூன்று ஆகாது. சின்ன வெங்காயம் இரண்டு வரை. பூண்டும் கொண்டைக்கடலைச் சுண்டலும் சுத்தமாக ஆகவில்லை. இன்னொருத்திக்கு இந்தப் பட்டியல் தலைகீழாக இருக்கலாம். அதனால்தான் அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுக்கவில்லை.

உங்கள் கட்டுரையில் ஜப்பான் ஆராய்ச்சி என்று ஒரு வரி வந்தது. மகள் தேடிப் பார்த்தாள். நகோயா பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்டது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் 64 சதவீதம் பேருடைய கருப்பை உட்படலத்தில் ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி இருந்தது, நோய் இல்லாதவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவு; எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் புண் குறைந்தது. கருப்பை, எலி, ஆன்டிபயாடிக். இதை எடுத்துவந்து ஒரு டப்பா புரோபயாடிக் பவுடரில் முடித்த கட்டுரையாளரின் கைவண்ணத்தைப் பாராட்டத்தான் வேண்டும். நான் நேற்றைய மாவில் இன்றைக்கு ஊத்தப்பம் ஊற்றுகிறவள், எனக்கே அந்தத் தைரியம் வராது.

பேதிக்கு எடுத்துக் குடலைக் கழுவுவது பற்றி எங்கள் அனுபவம் ஒன்றே ஒன்று. வெளியே சொல்லக் கூசினாலும் சொல்கிறேன். மகளுக்குப் பத்தொன்பது வயதில் விளக்கெண்ணெய் கொடுத்தேன். அது மாதவிலக்கின் முதல் நாள் என்று எனக்குத் தெரியாது. பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு மயங்கி விழுந்தாள். நெற்றியில் இன்னும் தழும்பு இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த தடவை மாதவிலக்கு, குடல், வயிறு என்று எதைப் போட்டாலும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். மூன்று மாதம் தேதி குறியுங்கள். வலி, உப்புசம், பேதி, மாதவிலக்கு எல்லாவற்றையும் ஒரே காலண்டரில். மலம் கழிக்கும்போதோ சிறுநீர் போகும்போதோ அந்த நாட்களில் மட்டும் வலித்தால், மாத்திரைக்கும் கேட்காத வலி என்றால், மாதா மாதம் லீவு போட வேண்டியிருந்தால், பெண் டாக்டரிடம் அந்தக் காலண்டரோடு போங்கள். எந்த நாளாக இருந்தாலும் மலத்தில் ரத்தம் பட்டால், காரணமில்லாமல் உடம்பு இளைத்தால், காலண்டருக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள். சாப்பாட்டு மாற்றமெல்லாம் அதற்கு அப்புறம். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

பூண்டுப் பால் கேட்ட பெண் நேற்று வந்தாள். மாதவிலக்குத் தேதி அவள் போனிலேயே இருந்தது. வலித்த நாள் ஞாபகம் இல்லை என்றாள். அப்புறம் அவளே யோசித்து, மருந்துக் கடைக்கு ஜிபே செய்த தேதிகளை எடுத்தாள். கெட்டிக்காரி. மூன்று மாதத்தில் இரண்டு மாதம் ஒட்டுகிறது, ஒன்று ஒட்டவில்லை. அவளுக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஊரிலிருந்து அவள் அம்மா சனிக்கிழமை வருகிறார். மதியப் பந்தி முடிந்து, பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டு நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மெஸ்கார அம்மா,
திண்டுக்கல்.
(பெயரும் முகவரியும் உங்கள் பார்வைக்கு மட்டும் தனித் தாளில் வைத்திருக்கிறேன், வெளியிட வேண்டாம்.)